உண்ணிச்செடியை அழிக்கப் பழைய மாதிரி தீ வைத்தால் ஆகாதா?

புதர்வாசி:
கர்நாடகத்துப் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகப் பழங்குடியினர் ஒரு காலத்தில் தரைத்தீ வைத்தே உண்ணிச்செடியை (லாண்டானா) அடக்கி வைத்திருந்தார்களாம். இப்போது ஆள் விட்டு வெட்டுகிறார்கள், அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. அந்தத் தீயையே திரும்ப வைத்தால் என்ன?

சருகுமான்:
அதன் பெயர் 'தரகு பெங்கி'. தரகு என்றால் அங்கே சருகு, நம்ம ஊர்க் கமிஷன் இல்லை! பெங்கி என்றால் தீ. ஜனவரி வாக்கில், காடு முழுக்கக் காய்வதற்கு முன் வைப்பது. தாழ்வாக ஓடிச் சருகைத் தின்றுவிட்டு அடங்கிவிடும். உண்ணி நாற்று அதிலேயே சாகும். நெல்லிமரத்துப் புல்லுருவியும் அந்தச் சூட்டில் கருகும் என்பது சோளகர் கணிப்பு. 1974-ல் சரணாலயமானபின் தீ நின்றது, உண்ணி காடெங்கும் ஏறியது.

இப்போது நிற்பது ஆளுயரப் புதர். பச்சையாகவே பற்றும், தீ மரக்கிளைக்குத் தாவும். மேலே கருகினாலும் வேர்க்கழுத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். நெல்லி போய் உண்ணி மிஞ்சும். அனுமதியில்லாமல் வைத்தால் வனக்குற்றம் வேறு.

மண்வெட்டி:
துளிர்க்கக் காரணம் தரைக்கு மேலே வெட்டுவதுதான். ஆணிவேரைத் தரைக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே அறுக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். பாபு குழு சொன்ன முறை. ஒருவர் தடியால் கிளைக்கொத்தை ஒதுக்கிப் பிடிக்க, இன்னொருவர் வெட்டலாம். வெட்டிய செடியை வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துப் போடுங்கள். தண்டு ஈரமண்ணில் படிந்தால் வேர்விடும். குழிதோண்டிப் பிடுங்காதீர்கள், கிளறிய மண்ணில் பழைய விதையெல்லாம் முளைக்கும். காய் பழுக்குமுன் முடித்துவிடுங்கள். பிறகும் பறவை உட்காரும் மரத்தடிகளில் இரண்டு மூன்று மழைக்காலம் நாற்று பிடுங்கியே ஆகவேண்டும். வெறுந்தரையாக விட்டால் திரும்ப உண்ணிதான், உள்ளூர்ப் புல்விதை தூவுங்கள்.

எல்லைக்கல்:
நாற்று மட்டும் மிஞ்சிய நிலைக்கு வந்தபின் தரகு பெங்கிக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அதை யார் முடிவு செய்வது? 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(i) பிரிவு, காட்டைப் பாதுகாக்கவும் பராமரிக்கவும் ஊருக்கு உரிமை தருகிறது. பலர் தேன், நெல்லிக்காய் எடுக்கும் சமூக உரிமை கோரும் படிவம் பி-யோடு நிறுத்திவிடுகிறார்கள். பராமரிப்பு உரிமைக்குப் படிவம் சி தனியாகக் கொடுக்கவேண்டும். சோளகர்கள் தங்கள் குலத்தெய்வ இடங்களை வரைபடத்தில் குறித்தது போன்ற வேலை இங்கே சாட்சியாக நிற்கும். உரிமை கிடைத்தபின் கிராமசபையின் குழு மேலாண்மைத் திட்டம் எழுதும்போது தீ வைக்கும் மாதம், இடம், தீத்தடுப்புக் கோடு மூன்றையும் அதில் சேர்த்து வனத்துறையோடு பேசுங்கள்.

புதர்வாசி:
அப்போ முதலில் மண்வெட்டி, தீ அப்புறம். படிவம் சி-யை இப்போதே தேடுகிறேன்.