புதுப்பிப்பு: டிரம்பெட் வால்வு ஸ்பிரிங் மாற்றியாச்சு

என் டிரம்பெட்டில் (ஊதும் பித்தளை வாத்தியம்) விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் இரண்டாவது சோம்பலாக மேலே வருகிறது, ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். மூன்று வால்வுகளின் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று மட்டும் புதிதென்றால் விரலுக்கு வித்தியாசம் தெரியும். பழையதைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு சுற்று அளவுக்குக் குட்டை! அதை இழுத்து நீட்டிப் போடாதீர்கள், சீக்கிரமே மறுபடி தளர்ந்துவிடும்.

பிஸ்டனில் (வால்வுக் குழலுக்குள் மேலும் கீழும் நகரும் உருளை) பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துப் போடுங்கள். நான் 1-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்டுவிட்டேன், ஊதினால் காற்றே போகவில்லை. நெஞ்சு திக்கென்றது. சரியான குழலில் இறக்கி மெதுவாகத் திருப்பியதும், 'டக்' என்று பள்ளத்தில் உட்கார்ந்தது. அப்புறம் நாலு சொட்டு வால்வு எண்ணெய். இப்போது விரலை எடுத்த நொடியே மேலே வந்துவிடுகிறது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.