சிமென்டைக் குறைக்கலாமா, கம்பியைக் குறைக்கலாமா? ஜிகணி யார்டில் இருந்து ஒரு கேள்வி

ஜிகணி யார்டு:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் ஜிகணி பக்கம் சின்னதாக ஒரு ப்ரீகாஸ்ட் யார்டு, அதாவது கான்கிரீட்டை அச்சில் வார்த்து விற்கிற இடம், வைத்திருக்கிறேன். காம்பவுண்ட் சுவர் சிலேப், அதற்கான போஸ்ட், சாக்கடை மூடி, ரோட்டோரம் பதிக்கிற கெர்ப் கல், இவ்வளவுதான். சொந்த ஊர் தர்மபுரி. ஆட்களில் பாதிப் பேர் எங்கள் பக்கம், மீதிப் பேர் ஒடிசா.

எம்-சாண்ட், கம்பி, டீசல், கூலி எல்லாமே ஏறிவிட்டது. சிமென்டுக்கு ஜிஎஸ்டி குறைந்தும் கையில் ஒன்றும் மிஞ்சக் காணோம். விலையை ஏற்றினால் ஆர்டர் அத்திபெலே பக்கம் போய்விடுகிறது. பக்கத்து யார்டுக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சிமென்டில் பாதியை எடுத்துவிட்டு ஸ்லாக், அதாவது இரும்பு ஆலைக் கசடை அரைத்த தூள், போடுவது. இன்னொன்று, நீளவாட்டில் போடும் நாலு கம்பியை மூன்றாக்குவது. ஒரு மாதமாக இதே யோசனை. செய்யலாமா?

எச்எஸ்ஆர் சைட்:
கம்பியில் கை வைக்காதீர்கள் சார். நான் வாங்குகிற பக்கத்து ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் சாக்கடை மூடி போட்டோம். விலை குறைவு என்று ஒரு யார்டில் எடுத்தது. தண்ணீர் டேங்கரின் பின் சக்கரம் ஓரத்தில் ஏறியதும் மூடி நடுவில் விரிசல் விட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்று ராத்திரி வாட்ச்மேன் கால் வைக்க, அப்படியே உள்ளே போய்விட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி இருக்க வேண்டியது அடிப்பக்கம், இருந்தது மேல்பக்கம். கம்பி நகராமல் இடைவெளி காக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் வைத்த தடமே இல்லை. அதனால் அச்சில் கம்பி நகர்ந்ததா, எங்கள் ஆள் மூடியைத் தலைகீழாகப் போட்டானா என்று இன்றுவரை தெரியாது. எது மேல்பக்கம் என்று ஒரு சொட்டு பெயின்ட் குறி இருந்திருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்திருக்கும். நம் ஊர் நடைபாதை பெரும்பாலும் சாக்கடை மூடிதான். அதன் மேல்தான் ஜனங்கள் நடக்கிறார்கள்.

கலவைக்காரன்:
முன்பு ஒரு காஸ்டிங் யார்டில் தரப் பிரிவில் இருந்தேன், இப்போது ஹொஸ்கோட்டே பக்கம். கம்பி விஷயத்தில் மேலே சொன்னதற்கு அப்பால் பேச ஒன்றுமில்லை. டிசைன் செய்தவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கம்பிகூடக் குறையக் கூடாது.

சிமென்டுக்கு வருகிறேன். குறைக்கலாம். ஆனால் குறைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலை எம்-சாண்ட் குவியலில் இருந்து சரியாக ஒரு கிலோ அள்ளி, இரும்புச் சட்டியில் போட்டு, அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். ஆவி வருவது நின்று, மணல் தனித்தனியாக உதிர்ந்ததும் இறக்கி, ஆறவிட்டு எடை போடுங்கள். 940 கிராம் இருந்தால் 60 கிராம் தண்ணீர். காய்ந்த எடையில் கணக்குப் போட்டால் 6.4 சதவீதம். இதில் மணல் துகள் தானே உறிஞ்சி வைத்திருப்பதைக் கழிக்க வேண்டும். கிரஷர்காரரின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் அது 2.4 என்றால், கலவைக்குள் இறங்கும் தண்ணீர் 4 சதவீதம்.

ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், 151 லிட்டர் தண்ணீர், 750 கிலோ எம்-சாண்ட் என்று வையுங்கள். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.42. மணலோடு வரும் 30 லிட்டரை யாரும் கழிக்கவில்லை என்றால் தண்ணீர் 181 ஆகிறது, விகிதம் 0.50. வலிமை அங்கேயே விழுந்துவிடும். கியூப் ரிசல்ட், அதாவது சோதனைக்கு வார்த்த கட்டியை உடைத்துப் பார்க்கும் வலிமை, குறைந்து வந்ததும் என்ன செய்கிறோம்? சிமென்டைக் கூட்டுகிறோம். 181 லிட்டருக்குப் பழைய விகிதம் கிடைக்க 431 கிலோ சிமென்ட் வேண்டும். கன மீட்டருக்கு 71 கிலோ, ஒன்றரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் தேடுகிற பணம் அந்த மணல் குவியலுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாகடி ரோடு:
தம்பி, கணக்கு சரி. ஆனால் யார்டில் அப்படி நடக்காது. 1990-களில் இருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் மேஸ்திரி வாளிக் கணக்கில் தண்ணீர் ஊற்றுவதில்லை, கலவையைப் பார்த்து ஊற்றுகிறான். மணல் ஈரமாக இருந்தால் தானாகவே குறைத்துக்கொள்கிறான். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. சட்டி, அடுப்பு எல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி. எட்டுப் பேர் வேலை செய்கிற இடத்தில் யார் மணலை வறுத்துக்கொண்டு உட்காருவது?

கலவைக்காரன்:
ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கெர்ப் கல் மாதிரி இறுக்கமான கலவையை வைப்ரேட்டர் டேபிளில் போடும்போது நல்ல மேஸ்திரியின் கை போதும். அட்மிக்ஸர் என்கிற இளக்கும் ரசாயனத்தை ஊற்றி இளக்கமாக விடுகிற கலவையில் கண் ஏமாறும். அதே இளக்கம் அட்மிக்ஸராலும் வரும், தண்ணீராலும் வரும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதோடு மதியம் மூன்று மணிக்கு மேல் ஆள் களைத்துவிடுகிறான். அச்சில் நிரப்புகிறவன் "இன்னும் கொஞ்சம் ஊத்துண்ணா" என்பான், வேலை சுலபமாகிறதே. உங்கள் மேஸ்திரி மறுக்கலாம். எல்லா யார்டிலும் அவர் இருப்பதில்லை.

சட்டிக்கு இருபது நிமிஷம். காலையில் ஒரு தடவை, புது லோடு இறங்கினால் ஒரு தடவை.

இன்னொன்றும் உண்டு. சிமென்டைக் குறைக்கிற உரிமை சீராகச் செய்கிறவருக்குத்தான் கிடைக்கிறது. எம்30 கலவைக்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டிய கலவைக்கு, ஐ.எஸ். 10262 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் வழக்கமான இலக்கு வலிமை 38.25. குறைந்தது 30 டெஸ்ட் ரிசல்ட் கையில் இருந்து, ஏற்ற இறக்கம் குறைவு என்று காட்டினால் அது 36.5 வரை இறங்கலாம். அந்த இறக்கம்தான் முறைப்படி மிச்சமாகிற சிமென்ட்.

பேரேடு:
நான் ஒரு யார்டில் கணக்கு எழுதுகிறேன். ஜிகணி அண்ணாவின் ஜிஎஸ்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் வரி 28-ல் இருந்து 18 சதவீதம் ஆனது. நீங்கள் விற்கும் பொருளுக்கும் 18. முன்பும் சிமென்டுக்குக் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்து வரவு எடுத்தீர்கள், இப்போதும் எடுக்கிறீர்கள். அதனால் கல்லின் அடக்க விலை அந்த வரியால் மாறாது. வாங்கும்போது முடங்குகிற பணம் மட்டும்தான் குறையும். கம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருப்பவருக்கு வரவு கிடையாது, அவருக்குத்தான் அது நேரடி மிச்சம்.

அடுத்தது உடைசல். தினம் 200 சிலேப் போட்டு 8 உடைந்தால், 200-க்கான செலவு 192-ன் தலையில் ஏறுகிறது. உடைந்த எட்டும் சிமென்ட் தின்றிருக்கிறது, கம்பி தின்றிருக்கிறது, அச்சில் ஒரு நாள் தூங்கியிருக்கிறது. கடைசியில் டிராக்டர் வைத்து அள்ளிக் கொட்ட இன்னொரு கூலி. எங்கள் யார்டில் எங்கே உடைகிறது என்று ஒரு நோட்டு போட்டேன்: கழற்றும்போது, தூக்கும்போது, லோடு ஏற்றும்போது, சைட்டில் இறக்கும்போது. கலவையைத்தான் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோட்டில் பாதிக்கு மேல் லோடு ஏற்றும்போது மூலை உடைந்ததாக வந்தது. சிலேப்புக்கு நடுவே மரச்சட்டம் வைக்காமல் அடுக்கியதுதான் காரணம். அதற்கு எந்த இன்ஜினியரும் தேவைப்படவில்லை.

மாகடி ரோடு:
அந்தம்மா சொன்னது தொழில் தெரிந்த பேச்சு. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், பணம் கலவையில் போகவில்லை, அச்சில் போகிறது.

என்னிடம் 7 அடி, 1 அடி, 50 மி.மீ. கனத்தில் சுவர் சிலேப் ஓடுகிறது. கணக்குப்படி ஒன்று 75 கிலோ இருக்க வேண்டும். ஒரு நாள் லாரிக்காரன் "வே பிரிட்ஜில் எடை கூடுது, உங்க கணக்கு தப்பு"ன்னு சண்டைக்கு வந்தான். தராசில் ஏற்றினேன், 80 கிலோ. அடிகோல் வைத்துப் பார்த்தால் நடுவில் 53, சிலதில் 54. பையன்கள் கல்லைக் கழற்ற அச்சின் பக்கத் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து, தகடு வெளியே வளைந்திருக்கிறது. மேலேயும் மட்டம் இழுக்காமல் விட்டிருக்கிறார்கள். 50-ல் 3 மி.மீ. என்றால் நூற்றுக்கு ஆறு. தினம் 200 கல்லுக்கு இரண்டரை மூட்டைக்கு மேல் சிமென்ட் சும்மா போயிருக்கிறது. வாங்குகிறவன் அதற்கு ஒரு பைசா கூடத் தரவில்லை. எத்தனை வருஷம் போயிற்றோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

வெல்டரைக் கூப்பிட்டு எல்லாத் தகட்டையும் நிமிர்த்தினேன், வெளிப்பக்கம் ஆங்கிள் வைத்துக் கட்டினேன். இரும்புச் சுத்தியலைப் பிடுங்கிவிட்டு ரப்பர் சுத்தியல் கொடுத்தேன்.

அப்புறம் ஸ்லாக். அரைக்கு அரை போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நம் ஊரில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்குகிறது. ஒரு குளிர்காலம் போட்டுப் பார்த்தேன். காலையில் கழற்றினால் ஓரம் கையோடு வந்தது. சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அச்சில் அடுத்த கல் இல்லை. மூட்டைக்கு மிச்சம் பிடித்ததை அச்சு சும்மா கிடந்ததிலேயே விட்டேன்.

கலவைக்காரன்:
அச்சு விஷயம் தங்கமான தகவல் ஐயா, நான் அதை எடை போட்டுப் பார்த்ததில்லை.

ஸ்லாக்கை ஒரே குளிர்காலத்தை வைத்துத் தள்ளிவிடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். ஐ.எஸ். 455 ஸ்லாக் சிமென்டிலேயே 25 முதல் 70 சதவீதம் வரை ஸ்லாக்கை அனுமதிக்கிறது. பல்லாரி பக்கத்து இரும்பு ஆலைகளில் இருந்து சரக்கு நமக்குக் கிட்டத்திலேயே வருகிறது. சாக்கடைத் தண்ணீர் படுகிற மூடிக்கு ஸ்லாக் கலந்த கான்கிரீட் நீடித்து உழைக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரை கூட்டிப் போடுங்கள், குளிரில் 25, 30 சதவீதத்தில் நிறுத்துங்கள், ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அச்சுப் பக்கத்திலேயே மூன்று கியூப் போட்டு வைத்துக் காலையில் உடைத்துப் பார்த்தால் கழற்றலாமா என்று கியூபே சொல்லும்.

மாகடி ரோடு:
கியூப் உடைக்கிற மெஷின் என்னிடம் இல்லை. லேபுக்கு அனுப்பி ரிசல்ட் வருவதற்குள் கல் லாரி ஏறிவிடும். நீ சொல்வது மெஷின் இருக்கிறவனுக்கு. என் யார்டில் குளிர்காலத்தில் ஸ்லாக் வராது.

ஜிகணி யார்டு:
நடுவில் ஒன்று கேட்கிறேன். ஒரு சப்ளையர் சீக்கிரம் இறுகும் பவுடர் என்று சாம்பிள் கொடுத்தார், பையில் பெயர்கூட இல்லை. ஸ்லாக்கோடு இதைப் போட்டால் குளிரிலும் கழற்றலாமாம்.

கலவைக்காரன்:
போடாதீர்கள். அதில் குளோரைடு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கால்சியம் குளோரைடு சீக்கிரம் இறுக வைக்கும், கம்பியையும் அரிக்கும். கம்பி உள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456. நீராவி கியூரிங், அதாவது நீராவி காட்டி இறுக வைப்பது, என்றால் 0.4 தான். துரு வெளியே தெரிய வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த மூடியின் மேல் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்?

மாகடி ரோடு:
இதில் தம்பி பக்கம்தான் நான். பெயர் இல்லாத பையை யார்டுக்குள்ளேயே விடாதே.

ஜிகணி யார்டு:
மூன்று நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

சட்டி வைத்தேன். குவியலின் மேலே எடுத்த ஒரு கிலோ 965 ஆனது, அடியில் எடுத்தது 930. ஒரே குவியல்! ஒரு மூட்டை சிமென்டுக்கு நாங்கள் போடுவது ஏறக்குறைய 105 கிலோ மணல், அதனால் காலைக் கலவைக்கும் சாயங்காலக் கலவைக்கும் நாலு லிட்டர் வித்தியாசம். மேஸ்திரியைப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "அதான் சாயங்காலம் போட்ட கல்லு மட்டும் ஓரம் உதிருது" என்றார். இப்போது தளத்துக்குச் சரிவு கொடுத்துத் தண்ணீர் வடியும்படி செய்து, மேலே ஷீட் போடச் சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் சாண்டை மறுநாள்தான் எடுக்கிறோம்.

அச்சை அளந்தேன். அறுபதில் இருபத்திரண்டு 52 மி.மீ.க்கு மேல். வெல்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

கம்பி நாலே நாலுதான். மூடிக்கு மேல்பக்கம் மஞ்சள் குறி போட ஆரம்பித்துவிட்டோம், எச்எஸ்ஆர் சாருக்கு நன்றி. ஸ்லாக்கை மார்ச்சில் பத்து அச்சில் மட்டும் போட்டுப் பார்க்கிறேன், ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாகடி ரோடு:
கோபம் எதற்கு, மார்ச்சில் போட்டுப் பார். வெல்டர் வந்தால் முதலில் தகட்டைச் சூடு காட்டி நிமிர்த்தச் சொல், அப்படியே அடித்தால் வேறு பக்கம் பிதுங்கும். ஆங்கிளை முழு நீளத்துக்கும் ஒரேயடியாக வெல்டு வைக்க விடாதே. விட்டு விட்டுப் புள்ளி வைக்கட்டும், இல்லாவிட்டால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். முதல் ஐந்து அச்சு முடிந்ததும் ஒரு கல் போட்டு எடை பார். 75-க்கு வந்த பிறகு மிச்சத்தைச் செய்யச் சொல்.