நித்யாவின் குழந்தைக்கு யார் பின்னுவது?

குழு: ஆழ்வார்பேட்டை வீடு

அம்மா: நவம்பர் 14க்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. டொரான்டோவில் அப்போதே குளிர் தொடங்கிவிடும். குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை, போர்வை வேண்டும். கடையில் வாங்காதே, நம் வீட்டார் கையால் பின்னியதுதான் வேண்டும் என்கிறாள் நித்யா. யார் செய்கிறீர்கள்?

வசந்தி பெரியம்மா: நான்.

சரோஜா அத்தை: நான்.

ராமு பெரியப்பா: உங்கள் தெருவில் தண்ணீர் வருகிறதா? இங்கே காலையிலிருந்து இல்லை.

சரோஜா அத்தை: அண்ணி, தவறாக நினைக்காதீர்கள். ஸ்வெட்டருக்கு இரட்டை ஊசிப் பின்னல்தான் சரி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். குழந்தையின் தலை நுழைய அந்த நெகிழ்ச்சி வேண்டும். குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில், ஒவ்வொரு கண்ணியும் பூட்டிக்கொள்வதால் துணி தடிப்பாக நிற்கும், நூலும் அதிகம் பிடிக்கும். ஆனால் குல்லாவுக்கும் ஓரவேலைக்கும் அதுதான் அழகு. ஒன்று மட்டும் தெரிந்தால் எல்லாவற்றையும் அதிலேயே முடிக்கப் பார்ப்போம். கைவேலையில் தேர்ந்தவள் என்றால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வசந்தி பெரியம்மா: எனக்குக் குரோஷா ஒன்றுதான் தெரியும். அப்படியானால் நான் தேராதவளா?

மீனா சித்தி: அக்கா, அவர் அப்படிச் சொல்லவில்லை.

வசந்தி பெரியம்மா: 2016 ஜனவரியில் இதே சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டரில் குரோஷாப் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரட்டை ஊசி பிடிக்கத் தெரியுமா என்று அவர்களை யார் கேட்டார்கள்? இரட்டை ஊசிப் பின்னலுக்கு இயந்திரம் இங்கிலாந்தில் 1589லேயே வந்துவிட்டது. குரோஷாவுக்கு இன்றும் கைதான்.

அனு: பெரியம்மா, இது எனக்குத் தெரியாது!

ராமு பெரியப்பா: யாராவது தண்ணீர் பற்றிச் சொல்லுங்கள்.

சரோஜா அத்தை: அண்ணி, 1994 மார்கழியில் எங்கள் அம்மாவுக்கு நீல ஸ்வெட்டர் பின்னினேனே, நினைவிருக்கிறதா? முதுகில் ஒரு கண்ணி நழுவி, பதினைந்து வரிசை ஏணிபோல் கீழே ஓடிவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்கப் போனேன். நீங்கள்தான் தடுத்தீர்கள். குரோஷா ஊசியை அடிக்கண்ணியில் நுழைத்து, மேலே இருந்த இழையைக் கொக்கியால் பிடித்து உள்ளே இழுத்தீர்கள். அப்படியே ஒவ்வொரு படியாக ஏற்றி, கடைசிக் கண்ணியை என் ஊசியில் மாட்டினீர்கள். நழுவிய தடமே தெரியவில்லை. அந்த வாரமே நான் குரோஷா கற்க உட்கார்ந்தேன்.

வசந்தி பெரியம்மா: அதை உங்கள் அம்மாவிடம் நீ சொல்லவில்லை. கடைசி வரைக்கும் “முழுக்கச் சரோஜா கைவேலை” என்றுதான் எல்லோரிடமும் காட்டினார்.

சரோஜா அத்தை: உண்மைதான் அண்ணி. சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா: உல்லன் நூல் பச்சைக்குழந்தைக்கு உறுத்தாதா?

மீனா சித்தி: பருத்தி நூல்?

அம்மா: அந்தக் குளிருக்குப் போதாது மீனா.

அனு: சனிக்கிழமை சௌகார்பேட்டை போகலாம். மெட்ரோவில் போனால் வண்டி நிறுத்தும் தொல்லை இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்து மென்மையானதாக எடுப்போம்.

ராமு பெரியப்பா: தண்ணீர் வந்துவிட்டது.

வசந்தி பெரியம்மா: குல்லாவும் காலுறையும் என்னுடையவை. ஸ்வெட்டருக்குக் கழுத்தோரமும் நான்தான் போடுவேன்.

சரோஜா அத்தை: கழுத்தில் குரோஷா போட்டால் நீளாதே அண்ணி, தலை நுழையாது.

வசந்தி பெரியம்மா: முன்பக்கத்தைத் திறந்து பின்னு. பொத்தான் வைப்போம். பொத்தான் துளைகளையும் ஓரத்திலேயே போட்டுவிடுகிறேன்.

சரோஜா அத்தை: அது எனக்குத் தோன்றவில்லை. அப்படியே செய்வோம்.

மீனா சித்தி: போர்வை?

சரோஜா அத்தை: யார் செய்தாலும் துளை விழும் வேலைப்பாடு வேண்டாம். பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

வசந்தி பெரியம்மா: பிறகு பேசலாம். அடுப்பில் குழம்பு இருக்கிறது.

நித்யா: இப்போதுதான் எழுந்தேன். எல்லாம் படித்தேன், கண் கலங்கிவிட்டது. என்ன நிறம்?

அம்மா: மஞ்சள்.

சரோஜா அத்தை: வெளிர் பச்சை.

ராமு பெரியப்பா: நீலம். அம்மாவின் ஸ்வெட்டர் போல.

சரோஜா அத்தை: அண்ணி, அந்தப் பழைய ஊசி இன்னும் இருக்கிறதா?

வசந்தி பெரியம்மா: இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.