கணவரின் அண்ணன் மகளைத் தத்தெடுக்க ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தால் போதுமா?

பாலக்கோட்டு வாசகி:
திருமணமாகிப் பல ஆண்டுகளாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. கணவரின் அண்ணனுக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது. "அவளை நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள், நம் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு, ரேஷன் அட்டையில் பெயரை மாற்றினால் போதும்" என்கிறார் மாமியார். ஓரகத்திக்கும் மனப்பூர்வமான சம்மதம்தான். ஆனால், பள்ளியில் பெற்றோர் என்று யார் பெயரை எழுதுவது, எங்கள் நிலத்தில் நாளை அவளுக்கு உரிமை உண்டா என்பதெல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கும் பெற்றவளை அவள் இனிப் பெரியம்மா என்றுதான் அழைக்க வேண்டுமா?

காவேரிப்பட்டணம் பத்திர எழுத்தர்:
ரேஷன் அட்டை அரிசிக்கு ஆகும், வாரிசுரிமைக்கு ஆகாது. நீங்கள் இந்துக்கள் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படியே செய்யலாம். பெற்றவர்கள் இருவரும் சம்மதித்து, தத்துக் கொடுக்கும் எண்ணத்தோடு குழந்தையைக் கையில் கொடுப்பதும் நீங்கள் ஏற்றுக்கொள்வதும்தான் அதற்கு உயிர். ஹோமம் கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. இரு தரப்பும் கையெழுத்திட்ட தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், மறுப்பவர் பொய்யென்று நிரூபிக்கும்வரை, தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். பங்காளிகளுக்குள் பாகத் தகராறு வந்தாலும் (வராமலா இருக்கும்?) அவளை ஒதுக்க முடியாது. முறையாக நடந்த தத்தை நீங்களும் ரத்து செய்ய முடியாது, பெற்றவர்களும் திருப்பிக் கேட்க முடியாது என்பதை மாமியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறந்த வீட்டில் மணம் செய்யக் கூடாத முறை மட்டும் தத்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர்:
உறவில் எடுப்பதுதான் ஒரே வழி என்றில்லை. பெண் சிசுக்களைக் காப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் விரிவுபடுத்தப்பட்ட மாவட்டங்களில் நம் தருமபுரியும் ஒன்று; கிருஷ்ணகிரி அப்போது பிரிந்திருக்கவில்லை. இன்றோ, பெண் குழந்தைதான் வேண்டும் என்று மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த வழியில் 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். காத்திருப்பு நீளம்தான், அதற்காக, பணம் கொடுத்தால் பிறந்த குழந்தையை வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் போய்விடாதீர்கள், அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஊத்தங்கரைத் தாய்:
நாங்களும் உறவில் எடுத்தவர்கள்தாம். நான்கு வயதுக்கு எல்லாம் தெரியும். மறைக்க முயன்றால் தெருவே சொல்லிவிடும். எங்கள் மகள் பெற்றவளைப் "பெரியம்மா" என்றும் அழைப்பாள், சில சமயம் "அம்மா" என்றும் அழைப்பாள், நாங்கள் திருத்துவதில்லை. சிக்கல் வந்தது காதுகுத்தில்தான். பெற்றவளின் தம்பியும் என் தம்பியும் ஆளுக்கொரு சீர்த்தட்டுடன் நின்றார்கள், யார் மடியில் உட்கார வைப்பது என்று பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் குழந்தை அழுதுவிட்டாள். கடைசியில் என் தம்பி மடியில்தான் குத்தினோம், ஆனால் அந்த வீட்டார் சாப்பிடாமலே கிளம்பினார்கள். ஆகவே, தாய்மாமன் முறையை இனி யார் செய்வது என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.