காமன் வேரியன்ட்: திரிபா, போலியா, பாடபேதமா?

டொராண்டோவிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பெருங்குடல் புற்றுநோய்க் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும், ‘காமன் வேரியன்ட்’ (பலரிடமும் பரவலாகக் காணப்படும் டிஎன்ஏ எழுத்து வித்தியாசம்) வந்த இடத்தில் நிற்கிறேன். 8ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் சிலருக்கு டி எழுத்து, சிலருக்கு ஜி. ஜி-க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று 2007இல் கண்டார்கள். ஒரு ஜி இருந்தால் ஆபத்து ஏறக்குறைய 1.2 மடங்கு, அவ்வளவுதான். ஐரோப்பியரிடம் அந்த இடத்தில் பாதிக்குப் பாதி ஜிதான். ‘மரபணுத் திரிபு’ என்று எழுதி மாமியிடம் காட்டினேன். “அப்ப எங்கட ரத்தத்தில ஏதும் பழுதோ பிள்ளை?” என்று கேட்டு முகம் வாடிவிட்டார்.

மதுரையிலிருந்து:
திரிபை விட்டுவிடாதீர்கள் அம்மா. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூலே பிரித்து வைத்திருக்கிறது. கெடுவது வேறு, திரிவது வேறு. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகிறது, குடத்துக்கு ஒரு குறையும் இல்லை. விளக்குத் திரி, மாவரைக்கும் திரிகை, ஊர் ஊராய்த் திரிவது, எல்லாவற்றிலும் சுழற்சிதான் அடிப்படை.

கோவையிலிருந்து:
ஐயா, என் மாணவர்களுக்குத் தெரிந்தது பால் திரிந்துபோவது. திரிபைவிட ‘போலி’ பொருத்தம். அறம், அறன் போல ஓரெழுத்துதான் மாறுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
போலி என்றால் இன்றைக்குப் போலி மருந்துதான் நினைவுக்கு வரும். அதோடு, போலியில் பொருள் மாறாது. இங்கே கொஞ்சம் மாறுகிறதே! அந்த எழுத்து புரதம் தரும் மரபணு எதற்குள்ளும் இல்லை, தள்ளியிருந்து மிக் என்ற மரபணுவை முடுக்கிவிடும் துண்டில் இருக்கிறது. ஜி வந்தால் முடுக்கும் புரதம் அங்கே சற்று இறுக்கமாக ஒட்டும். அதனால் ‘மரபணு’ என்ற முன்னொட்டே எனக்கு உறுத்துகிறது. ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்த்தவர்கள் நாம். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல், இரண்டையும் மதித்துக் குறித்து வைப்போம். ‘மரபுப் பாடபேதம்’ என்றால் என்ன?

மதுரையிலிருந்து:
பாடமும் வடசொல், பேதமும் வடசொல்.

கோவையிலிருந்து:
கையேட்டைப் படிக்கப்போகிறவர் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார் ஐயா. அவருக்குப் புரிவதுதான் எனக்குப் பெரிது.

டொராண்டோவிலிருந்து:
சரி, நாளை காலை அனுப்ப வேண்டும். ‘பரவலான மரபு வேறுபாடு’ என்று போடுகிறேன். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரை நோயில் உள்ளதைப் போல அரிதாக வந்து ஆபத்தைப் பலமடங்கு கூட்டுவதற்கு மட்டும் ‘சடுதிமாற்றம்’ (மியூடேஷன்). இந்த முறை மாமி ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

மதுரையிலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் வேறுபாடு என்பது வெறும் ‘டிஃபரன்ஸ்’. என் வாக்கு இன்னும் திரிபுக்குத்தான்.