தேரி மண்ணில் முருங்கை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கம், குதிரைமொழித் தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. முருங்கை வைக்க ஆசை. தேரியில் விவசாயம் பார்த்தவர்களின் யோசனை வேண்டும்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு: மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் செக்கச் சிவப்பு. ஈர மண்ணைக் கசக்கினால் விரலில் சாயம் ஒட்டும், ஆனால் உருண்டை பிடிக்க வராது. களிமண்ணும் மட்கிய இலைதழையும் அவ்வளவு குறைவு. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் கண்முன்னே உள்ளே போய்விடும். போட்ட உரமும் கூடவே இறங்கிவிடுகிறது.

மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருப்பதால், தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்குக் கிடைப்பது காற்றுதான். ஆனி, ஆடியில் அந்தக் காற்றில் மணல் நகர்ந்து, கன்றின் தூரில் ஒரு பக்கம் வேர் தெரியும், மறுபக்கம் மேடாகிவிடும். பனையும் குடைவேலும் கொல்லாமரமும் (முந்திரி) இதிலேயே நிற்பது பெரிய விஷயம்.

குளத்துக் கரம்பை (வண்டல் மண்) போட்டால் ஈரம் நிற்குமா? குழிக்கு எத்தனை கூடை? மேற்கு ஓரத்தில் காற்றுத்தடுப்புக்குச் சவுக்கு சரிவருமா? பனை நல்லதுதான், ஆனால் வளர ரொம்ப வருஷம் ஆகுமே. அப்புறம், சொட்டுநீரைத் தினமும் கொஞ்சமாக விடுவதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கூடுதலாக விடுவதா? உடன்குடி, திசையன்விளைப் பக்கம் இருப்பவர்கள் தோட்டத்தைப் பார்க்கவிட்டால் நேரிலேயே வருகிறேன்.