பழைய பிரிட்டிஷ் நாணயம்: வெள்ளி எவ்வளவு என்று பார்ப்பது எப்படி?

சேர்வராயன்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 1896 அரை கிரவுன், 1935 கிரவுன் என்ற பிரிட்டிஷ் காசுகள் இரண்டும் கிராமுக்கு ஒரே விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? அசல்தானா என்று எப்படித் தெரியும்?

காசுப்பை: ஒரே விலை கொடுக்காதீங்க. 1919 வரை 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதிதான். 1947 முதல் புழக்கத்துக்கு வந்தது செம்பு-நிக்கல். எடையை மட்டும் நம்பினால் ஏமாறுவீங்க: அரை கிரவுன் இந்த மூன்று காலத்திலும் 14.14 கிராம், கிரவுன் 28.28.

0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்ஜியமாக்குங்க. நாணயத்தை நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்க. 1896 அரை கிரவுனுக்கு ஏறக்குறைய 1.37 காட்டணும். 1.59 வந்தால் வெள்ளியே இல்லை. 1935 கிரவுனுக்கு 2.93 அளவில் வரும். காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கு தப்பும். தேய்ந்த காசுக்கு, அதன் எடையை, மூழ்கும்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்க; 92.5 சதவீத வெள்ளிக்கு 10.3 பக்கம், பாதி வெள்ளிக்கு 9.6 பக்கம் வரும்.

உரைகல்: பட்டறையில் கல்லில் உரசிப் பார்க்க விடாதீங்க, விளிம்பு போனால் சேகரிப்பு மதிப்பும் போச்சு. எக்ஸ்ரே மெஷின் கீறாது, ஆனால் மேற்பரப்பை மட்டும் படிக்கும். பாதி வெள்ளிக் காசுகளின் மேல்தோலில் வெள்ளி கூடுதல் என்பதால் அளவு உயர்த்திக் காட்டும்.

சேர்வராயன்: கறுத்திருக்கே, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

உரைகல்: வேண்டவே வேண்டாம்! புளியும் கூடாது. பச்சைப் பிசுபிசுப்பு இருந்தால் மட்டும் அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடுங்க. அந்தப் பிசுபிசுப்பு பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. உங்க ஏற்காட்டு ஈரத்துக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்க.